ஆய்வுக்காக நான் வைத்த பெயர்

இன்று ஓர்ஸ் ஹில் போக மறித்த ஓட்டோவை ஓட்டி வந்தவர், போன வருடம் என் ஆய்வுக்காக நான் பேட்டி கண்ட பெண். குறிஞ்சாக்கேணிக்காரர்.

தனக்கு வரவேண்டிய தாயின் காணியை அண்ணன் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டதை அன்று அழுதழுது சொன்னவர். கட்டுரையில் அவரை ‘ஜெமீலா’ ஆக்கினேன். ஊர்ப் பெயரையும் எடுத்துவிட்டேன். எல்லாம் நெறிமுறைப்படிதான்.

"மிஸ், நீங்க எழுதினது வாட்ஸ்அப்பில வந்திச்சு."

"உங்கட பேரை நான் போடேல்லையே?"

"ஓம், போடல்ல. ஓட்டோ ஓடுற பொம்பிள எண்டு போட்டிருந்தீங்க. எங்கட ஊரில நான் ஒராள்தானே ஓடுறன்."

கட்டுரைக்கு உயிரே அந்த வரிதான் என்று நானே ரசித்து எழுதியது.

"அண்ணன் என்ன சொன்னவர்?"

"உம்மா அவரோடதான் இருக்கிறா. இப்ப பார்க்க உடுறாரில்ல."

இறங்கி மன்னிப்புக் கேட்டேன். வண்டியைத் திருப்பியபடி சொன்னார்:

"பேர் நல்ல பேர்தான் மிஸ். இப்ப ஊரே என்னை ஜெமீலா எண்டுதான் கூப்பிடுது."

நெறிமுறைக் குழுக்களில் இருக்கும் நண்பர்களே, தாயைப் பார்க்க முடியாமல் போனதை எந்தப் படிவத்தில் எழுதுவது?