பெட்டியில் வரும் பங்கு

வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்ததும் பண்ணைக்குப் போய் என் பெட்டியை எடுத்து வருவேன். கனடாவில் நான் இருக்கும் சின்ன ஊரிலிருந்து பஸ்ஸில் பத்து நிமிடம். வருட ஆரம்பத்தில் பெயர் கொடுத்துவிட்டால், ஜூன் முதல் அக்டோபர் வரை வாராவாரம் அங்கே விளைந்ததில் ஒரு பெட்டி. இன்னது வேண்டும் என்று கேட்க முடியாது. கேரட்டைக் கழுவக்கூட மாட்டார்கள், மண்ணோடு வரும். எங்கள் உத்திரமேரூர்ச் சந்தைக்கு இப்படிக் கொண்டுவந்தால், "கழுவி எடுத்தாந்தா கையி தேஞ்சிடுமா?" என்று கேட்பார்கள். இங்கே மண் ஒட்டியிருப்பதுதான் பெருமை. எனக்கும் பிடித்துவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். முதியோர் இல்லத்தில் பகலெல்லாம் அடுத்தவர் படுக்கையை மாற்றுகிற எனக்கு, என் பெயர் எழுதிய அந்தப் பெட்டிதான் வாரத்தில் ஒரே சந்தோஷம். பீட்ரூட் இலையைப் பருப்போடு கடைந்து, சுடுசோற்றில் போட்டு, தனியாக உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுவேன்.

பண்ணைக்காரி மார்த்தா நல்லவள். ஒருநாள் பருப்புக்கீரையைக் களை என்று பிடுங்கிக் குப்பையில் குவித்துக்கொண்டிருந்தாள். ஊரில் கட்டுக் கட்டாக விற்கிற கீரை. அவசரத்தில் என் ஆங்கிலம் பாதிதான் வரும். "இது சாப்பாடு, எங்கள் வீட்டில் சாப்பாடு" என்றேன். என் வீட்டில் சாப்பாடு இல்லை என்று அவள் புரிந்துகொண்டாள். தோளைத் தட்டிக்கொடுத்து, இரண்டு முட்டைக்கோஸைக் கூடுதலாக வைத்தாள். பரிதாபத்தில் வந்த கோஸ். கோபம் வந்தது. ஆனாலும் சமைத்தேன்.

அதையாவது சிரித்துவிட்டு விடலாம். ஊரில் நடந்தது அப்படியல்ல. இந்தப் பெட்டிக்கு இங்கே "ஷேர்" என்று பெயர். எங்கள் ஊரான பெருநகர் கிராமத்தில் இருக்கும் என் தம்பி குமாரிடம் போனில், "பண்ணையில பங்கு வாங்கிக்கீறன்டா" என்று சொல்லித் தொலைத்தேன். எங்கள் பக்கம் பங்கு என்றால் நிலம். மறுநாளே ஊர் முழுக்க நான் கனடாவில் நிலக்காரி.

செய்யாற்றுப் பக்கம் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கரில் பாதி என்னுடையது. வயதான பிறகு அங்கே ஒரு அறை கட்டிக்கொண்டு திரும்பிவிடலாம் என்றுதான் இந்தக் குளிரைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். தை மாதம் லீவில் ஊருக்குப் போனால், என் பாதியை அவன் பேருக்கு எழுதும் பத்திரத்தைக் குமார் தயாராக வைத்திருந்தான்.

"அது நெலம் இல்லடா. காய்கறிப் பொட்டி."

"சும்மா இருக்கா. பொட்டிக்குப் போயி எவனாவது பங்குன்னு பேரு வெப்பானா?"

போனில் இருந்த பெட்டியின் படத்தைக் காட்டினேன். "பாரு, உன் நெலத்துல எம்மாம் கோசு வெளஞ்சிக்கீது!" என்று சிரித்தான். அம்மாவாவது புரிந்துகொள்வாள் என்று பார்த்தேன். "அவன் புள்ளகுட்டிக்காரன்டி. உனுக்குதான் அங்க பங்கு கீதே, இத்த வுட்டுக் குட்த்துடேன்" என்றாள். அவளுக்குச் சோறு போடுவது அவன்தான். நான் வருடத்துக்கு ஒருமுறை வந்து போகிறவள். சரி என்றேன்.

அந்தப் பத்திரத்துக்கு விடுதலைப் பத்திரம் என்று பெயர். எவன் வைத்தானோ! பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு, இயந்திரத்தில் கட்டைவிரலை வைத்தேன். ரேகை விழவில்லை. "பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு அழிஞ்சிபோச்சாம்மா? இன்னும் அழுத்தி வைய்யி" என்றார் அங்கிருந்தவர். மூன்றாவது தடவை விழுந்தது. வெளிநாட்டில் இருப்பவளுக்கு எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறீர்களே, அன்று எனக்குக் கிடைத்தது விடுதலை மட்டும்தான்.

போன வாரம் இந்த வருடத்தின் கடைசிப் பெட்டி. மார்த்தா அடுத்த வருடத்துக்கான தாளை நீட்டி, "உன் பங்கை வைத்துக்கொள்கிறாயா?" என்று கேட்டாள். என்னைப் பெற்றவள் கேட்காத கேள்வி. தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். புரியவில்லை என்று நினைத்து, நிறுத்தி நிறுத்தி மறுபடி கேட்டாள். கையெழுத்துப் போட்டேன். வேறு எங்கே போகப் போகிறேன்?

பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கேரட்டைத் துணிப்பையில் கொட்டிக்கொண்டு, என் பெயர் எழுதிய பெட்டியை மற்றவற்றின் மேல் அடுக்கிவிட்டு பஸ் ஏறினேன். போனில் குமார் படம் அனுப்பியிருந்தான். நிலத்தை விற்க மனை மனையாகப் பிரித்துக் கல் நட்டிருக்கிறார்கள். என் பாதி எது என்று தேடி, கட்டைவிரலை வைத்துப் பெரிதாக்கினேன். விரலில் இருந்த கேரட் மண் கண்ணாடியில் இழுபட்டு, கற்களின் மேல் கோடாகப் படிந்தது.