முந்நூறு அடி-ராத்தல்

கிள்ளானில் என் லோரிப் பட்டறையில் இன்று காலை துருப்பிடித்த நட்டு ஒன்று 'கிரீச்' என்றது. உடனே நான் நினைவில், சிறுவயதில் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே தொழிலாளர் லயத்துக்குப் போய்விட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவன்தான். ஆனால் ஸ்பேனர் விஷயத்தில் எந்தத் துரையும் என்னிடம் வாலாட்ட முடியாது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. லயத்துக் கைப்பம்பின் உள்ளே இருக்கும் தோல் வாஷர் தேய்ந்து, தண்ணீர் ஏறாமல் போய்விட்டது. அதை மாற்ற மூடியைத் திறக்க வேண்டும். மூடியின் நட்டோ இறுகிக் கிடந்தது. ஏழு மாதக் கர்ப்பிணியான அம்மா கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டடி ஸ்பேனரின் நுனியில் முழு உடம்பையும் போட்டுத் தொங்கினார். நட்டு அசையவில்லை.

ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக் கிராணி இதற்கும் கணக்குப் போட்டார். "அண்ணை நூற்றைம்பது ராத்தல், ஸ்பேனர் ரெண்டடி. முந்நூறு அடி-ராத்தல். தங்கச்சியின்ட வாளி இருபது ராத்தல், கிணறு பதினைஞ்சடி. அதுவும் முந்நூறுதான்!"

"கேட்டியா? நானும் ஒரு வாளி இறைச்ச மாதிரிதான்" என்றார் அப்பா.

"என் வாளி மேல வந்துச்சுங்க. உங்க நட்டு எங்க வந்துச்சு?"

கிராணி சிரித்துவிட்டார். "தங்கச்சி சொல்லுறது சரி. அண்ணைக்கு இருக்கிறது திருகுற பலம் மட்டும்தான். நட்டு சுழண்டாத்தான் உழைப்பு."

பலம்தான் போதவில்லை என்றால் பிடியை நீட்டினால் என்ன? வேலியோரம் கிடந்த இரும்புக் குழாயை நான்தான் ஸ்பேனரில் செருகினேன். அதே அப்பா நாலடியில் தொங்கினார். கிரீச்!

சாயங்காலம் புதுத் தோல் போட்டு அம்மா பம்பை அடித்தாள். தண்ணீர் கொட்டியது. "இப்ப எழுதிக்குங்க உங்க முந்நூறை" என்றாள் அப்பாவிடம்.

இன்றும் அந்தச் சத்தம் கேட்டால், தண்ணீர் வரப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றும்.