அக்காவுக்கு நான் சொன்ன ஆமென்

ஹாம்பர்க்கில் தும்முவதற்குக்கூட யோசிக்க வேண்டியிருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒரு தும்மல் போட்டால், அதுவரை நம் முகத்தையே பார்க்காமல் நின்றவர் சட்டென்று ‘கெசுண்ட்ஹைட்’ என்பார். சுகம் என்று பொருள். நன்றி சொல்லத் திரும்புவதற்குள் அவர் பழையபடி தன் போனில் மூழ்கியிருப்பார். எங்கள் ராயபுரத்து வீட்டில் தும்மினால் ‘சேசுவே’ என்போம். சுகத்தைக் கேட்க வேண்டியவரிடம் கேட்பது எங்கள் பழக்கம். இங்கே யாரையும் கேட்காமல் ஆளாளுக்கு வழங்கிவிடுகிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. பத்து மாதமாகத் தும்மல் வந்தால் ஆள் இல்லாத பக்கமாக நகர்ந்துவிடுகிறேன்.

என் அக்கா பிலோமினாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அக்கா புருஷன், என் மாமா, காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் ஏற்றும் வேலை பார்க்கிறவர். அந்த மூன்று நாளும் வேலையை விட்டுவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். பக்கத்து வீட்டுக்காரி கூப்பிட்டாள் என்று அக்கா திருவொற்றியூரில் ஒரு மாடியில் நடக்கும் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்குப் போனாள். நாலைந்து மாதத்தில் ஆளே மாறிவிட்டாள். அத்தனை வருடம் எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி ‘ஆண்டவர்’ என்றவள், அந்த ஜெபக் கூட்டத்தாரைப் போல ‘கர்த்தர்’ என்று சொல்ல ஆரம்பித்தாள். அதில் எனக்கு வருத்தமில்லை. அவள் பேச்சில் சிரிப்பு திரும்பி வந்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜெபத்தில், தன் முதுகில் சூடாக ஒரு கை பட்டது என்றாள். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போகாதே என்று யாரும் சொல்லவில்லை. ஜெபம் நடத்திய பாஸ்டரே வீடு தேடி வந்து, வைத்தியத்தை விட்டுவிடாதே என்று கெஞ்சிவிட்டுப் போயிருக்கிறார்.

மாமா எனக்குப் போன் செய்தார். “மச்சான், ரெண்டு தபா போவல. காலு வீங்கிகினே போவுது. யார் சொன்னாலும் எகிர்றா. நீ சொன்னாதான் கேப்பா, நைனா.”

நான் சொன்னால் ஏன் கேட்பாள் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஒன்பது வயதில் டைபாய்டு வந்து நான் கண் திறக்காமல் கிடந்தேன். அக்காவுக்கு அப்போது பதினாறு. கோயில் வாசலிலிருந்து பீடம்வரை முழங்காலிலேயே நடந்தாள். மந்திரித்த எண்ணெயைக் கொண்டுவந்து என் நெற்றியில் தடவினாள். அந்த வாரமே நான் எழுந்து கஞ்சி கேட்டேனாம். முழங்கால் தோல் உரிந்த தழும்பு அவளுக்குக் கடைசிவரை இருந்தது. கம்பவுண்டர் தினமும் வந்து போட்ட ஊசியைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும்தான். வெல்டிங் பழகி, வேலை கிடைத்து, ஜெர்மனிக்குக் கிளம்பிய நாள்வரை, ‘சேசு பொழைக்க வெச்ச என் தம்பி’ என்றே தெருவில் எல்லோருக்கும் என்னைக் காட்டுவாள். அவளுடைய விசுவாசத்துக்கு அத்தாட்சியே நான்தான்.

மறுநாள் காலை இடைவேளையில் வீடியோவில் அவளைக் கூப்பிட்டேன். நான் வேலை செய்வது கன்டெய்னர்களைப் பழுது பார்க்கும் பட்டறை. பெஞ்சில் எனக்கு எதிரே என் கூட்டாளி ஊவெ ரொட்டி தின்றுகொண்டிருந்தார். அக்காவின் முகம் உப்பியிருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது.

“யக்கா, நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போ.”

“எதுக்குடா? சொகமானவ எதுக்கு மிஷின்ல படுக்கணும்? போனா அவர நம்பலன்னு ஆவாதா?”

“டாக்டரு இன்னா சொன்னாரு?”

“ஒனக்கு அன்னிக்கு டாக்டரா சொகம் குடுத்தாரு?”

ஊசியைப் பற்றி அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனிவரை வந்தது.

“சூசை, நான் தனியா இல்லடா. அவரு இங்கயே, என் பக்கத்துல குந்திகினு கீறாரு. எனக்கு சொகமாய்ட்ச்சு. ஆமென் சொல்லுடா.”

அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த ஊருக்கு வந்த ஒன்பது வருடத்தில் என் பக்கத்தில் அப்படி யாரும் வந்து உட்கார்ந்ததில்லை. மனிதரும் இல்லை, கடவுளும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த முகத்தை வாடவைக்க மனம் வரவில்லை. “ஆமென்” என்றேன்.

போனை வைத்ததும் ஊவெ ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு, “யார் செத்தது?” என்று மெதுவாகக் கேட்டார். ஆமென் என்ற சொல்லை அவர் கடைசியாகக் கேட்டது தன் அம்மாவின் அடக்கத்தில். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “யாரும் இல்லை. என் அக்கா கெசுண்ட் ஆகிவிட்டாள்” என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். நல்ல மனிதர், எழுந்து வந்து என் தோளில் தட்டிக்கொடுத்தார்.

நான் ஆமென் சொன்ன ஒன்பதாம் நாள் அவளுக்கு மூச்சுத் திணறியது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே போய்விட்டாள். மறுநாளே அடக்கம், நான் போய்ச் சேர வழியில்லை. அதே இடைவேளையில், அதே பெஞ்சில், காதில் இயர்போனோடு காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெபக் கூட்டத்துப் பெண் ஒருத்தி, “கர்த்தர் எங்க சகோதரிக்குப் பூரண சொகம் குடுத்துட்டாரு” என்றாள். எல்லோரும் ஆமென் என்றார்கள். என் வாய் திறக்கவே இல்லை. மாமா போனைத் தன் பக்கம் திருப்பினார். குரலில் கோபமே இல்லை. “நீ ஆமென் சொன்னியாமே மச்சான். கடேசி வரைக்கும் அதத்தான் சொல்லிகினு இருந்தா.” கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு நான் ஆமென் சொல்லாததால் ஊவெ எதையும் சந்தேகப்படவில்லை. நான் போனை வைத்ததைப் பார்த்து, “அக்காவா? கெசுண்ட்?” என்று மட்டும் சிரித்தபடி கேட்டார். “யா, கெசுண்ட்” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போதும் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் மறக்காமல் கேட்கிறார். நானும் அதையே சொல்கிறேன். ராயபுரத்தில் இதைப் படிக்கிற உங்கள் எல்லோருக்கும் என் அக்கா கல்லறையில் இருப்பது தெரியும். இங்கே ஒரே ஒரு மனிதருக்கு அவள் சுகமாக இருக்கிறாள். பத்து மாதமாகிறது, ஊருக்கு வந்து அந்தக் கல்லறையைப் பார்க்க நான் இன்னும் லீவு கேட்கவில்லை.