மெஷினுக்குச் சொன்ன ஓம்

யாழ்ப்பாணத்து ஆட்கள் டெலிபோனைக் காதில் வைத்தால் வாய் தானாக ‘ஓம், ஓம்’ என்று சொல்லத் தொடங்கிவிடும். ஓம் என்றால் ஆம்தான்; ஆனால் போனில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தமில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அர்த்தம். அந்தப் பழக்கம்தான் என்னைக் காட்டிக்கொடுத்தது.

பல மாதங்களாக எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் கணித டியூஷன் எடுக்கிறவன், வகுப்பில் நின்றபடியே கண் கலங்கினேன். மனைவியிடம் பிரஷர் என்று சமாளித்தேன். அவளுக்குத் தெரியாமல் பொரளையில் ஒரு டொக்டரைப் பார்த்தேன். மனச்சோர்வு எந்த அளவில் இருக்கிறது என்று அறிய, ஒரு கம்ப்யூட்டரே என் போனுக்கு அழைத்துத் தமிழில் கேள்வி கேட்கும் என்றார். எனக்கு எரிச்சல் வந்தது. மனதை அளக்க ஒரு மெஷினா? ஆனால் மெஷினிடம் வெட்கப்படத் தேவையில்லை என்பதும் உண்மைதான்.

அந்த மெஷின் அழைத்த நேரம் பார்த்து மனைவி பக்கத்திலிருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தாள். எங்கள் ஃபிளாட்டில் ஒளிய இடமில்லை. நித்திரை குறைவா என்று கேட்டது ஒரு பெண் குரல். ஓம். அழுகை வருகிறதா? ஓம். எதிலும் ஆர்வமில்லையா? ஓம். ஜன்னலுக்குக் கீழே, காலிக்குப் போகும் வீதியின் பஸ் இரைச்சலில் அடுத்த கேள்வி காதில் விழவில்லை. வழக்கம்போல “ஓம், ஓம்” என்று சொல்லிவைத்தேன்.

“ஆரப்பா?” என்றாள் மனைவி.

“இன்சூரன்ஸ்காரர்.”

கொஞ்ச நேரத்தில் டொக்டரின் கிளினிக் நர்ஸ் பதறிக்கொண்டு போன் எடுத்தார். அவருடைய குரல் வீடு முழுக்கக் கேட்டது.

“அண்ணை, சாகவேணும் போல இருக்கோ எண்டதுக்கும் ஓம் எண்டிருக்கிறீங்கள். பக்கத்தில ஆரும் இருக்கினமோ?”

“ஐயோ தங்கச்சி, அது எனக்குக் கேட்கேல்லை! சும்மா சொன்ன ஓம். அப்பிடி ஒரு நினைப்பும் இல்லை.”

“அப்ப மற்றதுகள்? நித்திரை, அழுகை?”

மனைவியின் கத்தி நின்றுவிட்டது. இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

“அதுகள் உண்மையான ஓம்” என்றேன்.

சொன்னதும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மனைவி போனை வாங்கி, “நாளைக்கு நானே கூட்டிக்கொண்டு வாறன்” என்று சொல்லி வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“உந்த மெஷினுக்குச் சொன்னதை எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“நீர் கேட்கேல்லை.”

“இப்ப கேக்கிறன். சரியான கஷ்டமா இருக்கோ?”

“ஓம்.”

“இது எந்த ஓம்?” என்றவள், பதிலுக்குக் காத்திராமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.