காட்டுப்பன்றிக் கறியில் வெள்ளை மணிகள்

1930களின் கடைசியில் வத்தல்மலை அடிவாரத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்தேன். ஒருநாள் மலைக்காரர் ஒருவர் காட்டுப்பன்றிக் கறியில் ஒரு பங்கைத் தேக்கிலையில் கட்டிக் கொண்டுவந்தார். வேட்டைப் பங்கை வேண்டாம் என்பது அவரை அவமதிப்பதாகும். பிரித்துப் பார்த்தேன். சதைக்குள் அரிசி போல வெள்ளை மணிகள் இருந்தன.

"இது என்னங்க?" என்றேன்.

"கொழுப்புங்க வாத்தியாரே. நோஞ்சான் பன்னிக்கு இப்படி இருக்குமா?" என்று சிரித்தார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. ஊசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தேன். மொத்தம் இருபத்து மூன்று. இனி ஒன்றுமில்லை, ஆக்கலாம் என்று மனைவியிடம் சொன்னேன். அன்று மழையில் விறகு நனைந்திருந்ததால் கறி முழுதாக வேகவில்லை. பல்வலியால் நான் சாறு மட்டும் ஊற்றிக்கொண்டேன். கறியை அவள்தான் தின்றாள்.

மூன்று மாதம் கழித்து, மலத்தில் வெள்ளை நாடாத் துண்டுகள் வருவதாக அழுதுகொண்டே சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன்.

"நாடாப்புழு. கண்ணுக்குத் தெரிஞ்ச மணிய எடுத்தீங்க, உள்ள இருந்தத யாரு எடுக்கறது? நல்லா வேகவெச்சிருந்தா எல்லாம் செத்திருக்கும்," என்றார் டாக்டர்.

மருந்துக்கு ஐந்து முழப் புழு வந்தது. தலை மட்டும் வரவில்லை. தலை தங்கினால் மறுபடி வளரும், மூன்று மாதம் பாருங்கள், வெளிக்குப் போய்விட்டுக் கையைக் கழுவாமல் சாப்பிட்டால் அதன் முட்டை வயிற்றில் பொரித்து, குஞ்சு மூளைவரை போய்விடும் என்றார்.

தினமும் காலையில் அவளிடம் கேட்டேன்.

"ஒண்ணுமில்லீங்க. கேக்கறத வுடுங்க, கூச்சமா இருக்குது," என்பாள்.

தொண்ணூறு நாளும் கடந்தன. புழு திரும்ப வரவில்லை. ஆனாலும் அதற்குப் பிறகு அவள் தலைவலி என்று படுத்தபோதெல்லாம் டாக்டர் மூளை என்று சொன்னதுதான் எனக்கு நினைவு வந்தது. ஆக்கலாம் என்று சொன்னவன் நான்.