இரண்டாவது மாத்திரை

அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஜெபகனியின் ஸ்கூட்டர் ஒரு வாசலில் நின்றால், தெரு பேச்சைக் குறைத்துக்கொள்ளும். அந்த வீட்டில் யாருக்கோ ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள் என்று பொருள். அவள் உள்ளே போய்ப் புண்ணைக் கழுவிக் கட்டுவாள். குழாய் மாற்றுவாள். மாதக்கணக்கில் தலையில் தண்ணீர் படாதவரைப் படுக்கையில் வைத்தே குளிப்பாட்டுவாள். போகும்போது அந்த வீட்டுக் காப்பியை வாங்கிக் குடிப்பாள். நாற்றம் பிடித்த வீடு என்று சொந்தக்காரர்களே தண்ணீர்கூடக் குடிக்காமல் போன வீடுகளில் அந்த ஒரு தம்ளர் காப்பிக்கு என்ன மதிப்பு என்று அவளுக்குத் தெரியும்.

உடன்குடிக்காரி. பனையேறியின் மகள். பாளையங்கோட்டையில் நர்சிங் படித்து, சவூதியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணம் கூடிவராமலே நாற்பதை நெருங்கும்போது ஊர் திரும்பியவள். ஒரு சின்ன அறக்கட்டளை அவளை வேலைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வளவு சம்பளத்தை விட்டுவிட்டு இதற்கு ஏன் வந்தாய் என்று கேட்டால், "அங்க மெஷினோட பேசிக்கிட்டிருந்தேன். இங்க மனுசங்க திட்டவாவது செய்யுதாவ" என்பாள்.

ஆனால் ஒன்று மட்டும் அவளால் தனியாகச் செய்ய முடியாது. புற்றுநோயின் கடைசி வலிக்கு மார்ஃபின் வேண்டும். அதை நர்ஸ் எழுத முடியாது. அதற்கென்று பயிற்சி பெற்ற டாக்டர்தான் எழுத வேண்டும். அதுவரை துணையிருந்த டாக்டர் குமரகுருபரன், கண் பார்வை மங்கி, மகள் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போய்விட்டார். அன்றிலிருந்து ஜெபகனி டாக்டர் தேடி அலைந்தாள். ஒருவருக்கு நேரமில்லை. ஒருவர் மார்ஃபின் என்றதும் போலீஸ் என்றார். இன்னொருவர், நீங்கள் போகும் வீட்டிலெல்லாம் சாவு விழும், பேர் எனக்கு வரும் என்று எழுந்துவிட்டார். மூன்றாவது முறையாக ஒரு ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தபோது, டோக்கன் கொடுக்கும் பெண் சிரித்தாள். "மாப்பிள்ளை தேடக்கூட இப்படி அலைஞ்சிருக்க மாட்டியளே சிஸ்டர்." ஜெபகனியும் கூடச் சிரித்தாள். சிரித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடியில் போய் முகம் கழுவினாள்.

கடைசியில் கிடைத்தவர் டாக்டர் கணேஷ்ராம். பாளையங்கோட்டையில் மயக்க மருந்து டாக்டர். வலி மருத்துவத்திலும் பயிற்சி பெற்றவர். அளந்து பேசுகிறவர். "எழுதுறது நான். கொடுக்கிறது நீங்க. எதுன்னாலும் எனக்குப் போன் பண்ணிட்டுச் செய்யுங்க. புது நோயாளின்னா முதல்ல நான் வந்து பாத்திரணும்" என்றார்.

அப்படியே நடந்தது. முதல் சில வீடுகளுக்குக் காரில் வந்து, நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தார். பிறகு ஆபரேஷன்கள் கூடின. வருகை குறைந்து, பார்ப்பது போன் திரையில் என்றாயிற்று. ஜெபகனிக்கு அது உறுத்தியது. ஆனால் கிடைத்த ஒரு டாக்டரையும் கேள்வி கேட்டு இழக்க அவளுக்குத் துணிவில்லை.

அந்தச் சமயத்தில்தான் சுடலையாண்டி வந்து சேர்ந்தார். பாபநாசம் போகிற வழியில் வீடு. வாழைத்தோட்ட வேலைக்காரர். வாயில் புற்று. பேச முடியாது, மூக்குக் குழாய் வழியாகக் கஞ்சி. வலி ஏறினால் உள்ளங்கையால் சுவரில் அடிப்பார். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனைவி இசக்கித்தாய் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். ஓடிப்போய்ச் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள்.

கணேஷ்ராம் வருகிறேன் என்ற சனிக்கிழமை அவசர ஆபரேஷன் வந்துவிட்டது. ஜெபகனி ஆஸ்பத்திரிச் சீட்டுகளை அனுப்பினாள். போனில் நோயாளியின் முகத்தைக் காட்டினாள். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன், வலியோடு காக்க வைக்க வேண்டாம், ஆரம்பியுங்கள் என்று அவர் அளவைச் சொன்னார்.

மறுநாள் காலையில் மார்ஃபின் மாத்திரையைத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விட்டாள் ஜெபகனி. அவர் கண் அயரும்வரை பக்கத்திலேயே இருந்தாள். மதியத்துக்கு ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்து, "நான் டாக்டர்ட்ட கேட்டுட்டுப் போன் பண்ணுதேன் யக்கா. அதுக்குப் பொறவு கொடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

அங்கே புண் பெரியது. கட்டி முடிக்க நேரமானது. கையுறையைக் கழற்றிப் பைக்குள் இருந்த போனை எடுத்தால், இசக்கித்தாய் திரும்பத் திரும்ப அழைத்திருந்தாள். ஜெபகனி அழைத்தபோது எடுத்தது வேறொரு பெண். சுடலையாண்டி தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள்.

அவள் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது வாசலில் அவரது தம்பி பெருமாள்ராஜ் நின்றிருந்தான். லாரி ஓட்டுபவன். அண்ணன் தோளில் வளர்ந்தவன். "காலைல கையை அசைச்சு எனக்கு விடை கொடுத்தாரு. நீ வந்து மாத்திரை கொடுத்த, போயிட்டாரு. யாரைக் கேட்டுக் கொடுத்தே? இங்கன ஒரு டாக்டரும் வரலியே. போலீஸ் வராம பிரேதத்தை எடுக்க விடமாட்டேன்" என்றான்.

ஜெபகனி பதில் சொல்வதற்குள் இசக்கித்தாய் அவள் கையைப் பிடித்து அடுக்களைக்குள் இழுத்தாள். மூடியிருந்த விரல்களைத் திறந்தாள். மாத்திரை மடித்த காகிதம், வெறுமையாக.

"நான்தாம்மா கொடுத்தேன். முழிச்சிட்டாவ. கை சுவத்துக்குப் போச்சு. போன் அடிச்சேன், நீங்க எடுக்கல. அவிய சுவத்துல அடிக்கதுக்கு முந்திக் கொடுத்துட்டேன்."

ஜெபகனி அந்த விரல்களைத் திரும்ப மூடினாள். புழக்கடைக்குப் போய் டாக்டருக்குப் போன் செய்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அந்தம்மா கொடுத்தது வேற யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கும் எனக்கும்தான் சார்."

"நீங்க அங்கனயே இருங்க" என்று வைத்துவிட்டார்.

போனைக் கையில் பிடித்தபடி அவள் அந்தக் கேள்வியையே நினைத்தாள். அவர் தப்பிக்க நினைத்தால் எத்தனை வழி! நர்ஸ் கவனிக்கவில்லை என்று ஒரு வார்த்தை போதும். இல்லாவிட்டால், மனைவி நேரம் தவறிக் கொடுத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை. முதலாவது ஜெபகனியின் வேலையைப் பறிக்கும். இரண்டாவது, இசக்கித்தாய் வாழும் நாளெல்லாம் புருஷனைக் கொன்றவள் என்ற பேரோடு தாமிரபரணிப் படித்துறையில் துணி துவைக்க வைக்கும்.

விளக்கு வைக்கும் நேரத்தில் கார் வந்தது. கணேஷ்ராம் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். முதல் முறையாகச் சுடலையாண்டியின் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணை, கழுத்தை, நெஞ்சைப் பார்த்தார். போர்வையைச் சரிசெய்துவிட்டு வெளியே வந்து, பெருமாள்ராஜுக்கு எதிரில் நின்றார்.

"அண்ணாச்சி, காலைல கொடுத்தது, மத்தியானம் கொடுத்தது, ரெண்டு மருந்தும் நாங்க கொடுத்தது. அளவு நான் சொன்னது. உங்க அண்ணனைக் கொண்டுபோனது அந்தச் சீக்கு."

"நீங்க வந்து பாத்தியளா?"

"இல்ல. வந்திருக்கணும். அது என் தப்பு. போலீசுக்குச் சொல்லணும்னா என் பேரைச் சொல்லுங்க. சிஸ்டர் பேரும் வேண்டாம், வேற யாரு பேரும் வேண்டாம்."

நாங்க. கேட்பவரை வெளியே நிறுத்திவிடும் சொல் அது. அன்று அதற்குள் டாக்டர் இருந்தார், ஜெபகனி இருந்தாள். அடுக்களை வாசலில் வெறும் காகிதத்தைப் பிடித்து நின்றவளையும் அவர் உள்ளே சேர்த்துக்கொண்டார் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

பெருமாள்ராஜ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். குற்றத்தை மறுப்பவர் சட்டையைப் பிடிக்கத் தயாராக நின்றவன் அவன். ஒப்புக்கொள்பவரை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. "ஒங்கள மன்னிக்க மாட்டேன் டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடைத் தேர் கட்டுகிறவர்களுக்குச் சொல்லப் போனான்.

இறப்புச் சான்று எழுத உட்கார்ந்தவரின் அருகில் இசக்கித்தாய் வந்து நின்றாள். யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்.

"நான் கொடுத்ததாலயா சார்?"

"இல்லம்மா. சிஸ்டர் கொடுத்திருந்தாலும் அதே மருந்து, அதே அளவுதான். இன்னைக்குப் போக வேண்டிய உயிரு. சுவத்துல அடிச்சுக்கிட்டுப் போகாம, ஒறக்கத்துல போச்சு."

அதுவரை கல்லாக இருந்தவள் ஜெபகனியின் தோளில் விழுந்து அழுதாள். அந்த அழுகையைக் கேட்டு வாசலில் இருந்த பெண்களும் எழுந்து உள்ளே வந்தார்கள்.

கார்வரை கூடவே நடந்தாள் ஜெபகனி. அந்தம்மாவிடம் சொன்னது முழு உண்மையா என்று கேட்டாள்.

கணேஷ்ராம் கார்ச் சாவியை எடுத்தார். "அளவு சரிதான். சீக்குதான். எனக்குச் சந்தேகம் இல்ல" என்றார். கதவைத் திறந்து, அவளைப் பார்க்காமல், கையை அதன்மேல் வைத்தபடி நின்றார். "ஆனா நேத்து வந்து நெஞ்சுல கை வச்சுப் பாத்திருந்தா, உங்க கண்ணைப் பாத்துச் சொல்லியிருப்பேன்."