திருப்பதியில் ஒரு மகள்

திருப்பதிக்குப் படிக்க வந்த நாளிலிருந்து என்னை வெளிநாட்டவள் என்று யாரும் எளிதில் நம்பியதில்லை. மலேசியாவில் பிறந்து வளர்ந்தவள் என்று சொன்னால், என் முகத்தையும் நிறத்தையும் பார்த்துவிட்டு, "சரி, சொந்த ஊர் எது?" என்று மறுபடியும் கேட்பார்கள். எங்கள் துறையில் ஐரோப்பிய மாணவர் ஒருவர் இருக்கிறார். பேருந்தில் அவர் தடுமாறினால் நடத்துநர் சிரித்தபடி உதவுகிறார். நான் தடுமாறினால் திட்டு விழுகிறது. பெண்களுக்கு இங்கே பேருந்தில் கட்டணம் இல்லை. ஆதார் அட்டையைக் காட்டினால் போதும். என்னிடம் அது இல்லை. பணம் கொடுத்துச் சீட்டு வாங்குகிறேன் என்று நான் சொல்லும்போது பேருந்து முழுவதும் திரும்பிப் பார்க்கும்.

"ஆதார் லேதா? எக்கட நுஞ்சி ஒச்சினாவம்மா?" என்று, எங்கிருந்து வந்தாய் எனத் தெலுங்கில் ஒருமுறை நடத்துநர் அதட்டினார். நான் பதில் தேடுவதற்குள், பின் இருக்கையில் பூக்கூடையோடு இருந்த பெண், "வுடுண்ணா, காசு குட்த்துப் போற பணக்காரி. எங்க டிக்கெட்டையும் சேத்து வாங்கினு போவட்டும்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி மீதித் தூரத்தை நடந்தேன்.

ஒப்பிலக்கியத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பல்கலைக்கழக விடுதியில் இடம் இல்லாமல் போனதும் வீடு தேடினேன். வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் வீட்டுக்காரர் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. அதை நான் சொன்ன மாத்திரத்தில் பேச்சு நின்றுவிடும். கடைசியாக ஒப்புக்கொண்டவர் புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாள். "பாஸ்போர்ட்டு இருந்தா இன்னா, கொம்பா மொளச்சிக்கினு கீது? தமிழ்ப் பொண்ணுதான?" என்றார். அவருடைய மகன் கணினியில் என் விவரங்களைப் பதிந்தான். மாடியில் ஓர் அறை, அதையொட்டிக் குளியலறை, வெளியே துணி உலர்த்த மொட்டை மாடி. அந்த முகவரியின்மேல்தான் நான் இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதி நின்றது. அனுமதியின்மேல் ஆய்வேடு நின்றது.

மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. அம்மா அனுப்பிய நெத்திலிச் சம்பலை ஒருநாள் மாடியில் தயிர்ச் சோற்றோடு ஒளித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் மூக்கை உறிஞ்சியபடி படியேறி வந்தார். அறை போயிற்று என்று நினைத்தேன்.

"இன்னாமா அது, கருவாடா?"

"நெத்திலி, அக்கா. மன்னிச்சுக்கங்க."

"இன்னாத்துக்கு மன்னிப்பு? ஒண்டியா துன்ற பாரு, அதுக்கா? கொண்டா இப்டி," என்று உள்ளங்கையை நீட்டினார். அன்று இருவரும் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டோம். இந்த ஊரில் நான் கூச்சமின்றிச் சாப்பிட்ட முதல் உணவு அது.

அந்தச் சம்பலைக் கொண்டுவந்தவர்களால்தான் தொல்லை தொடங்கியது.

அம்மா மலேசியாவில் கிள்ளான் பக்கத்தில் ஒரு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்கிறார். பிறர் தன்னிடம் வந்து கேட்கும்படியான எதுவும் அவரிடம் ஒருபோதும் இருந்ததில்லை. இப்போது இருந்தது: திருப்பதியில் ஒரு மகள். கோயிலில், சந்தையில், திருமண வீடுகளில் அதைச் சொன்னார். கேட்டவர்கள் என் எண்ணை வாங்கிக்கொண்டார்கள்.

"பசியாறிட்டியா? நம்ம தாமான்ல, வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற கோயில் தலைவரோட தங்கச்சி குடும்பம் வருது. ஒன் ரூம்லயே படுத்துக்குவாங்க லா. நல்ல ஆளுங்க. நான் வாக்கு கொடுத்துட்டேன்."

வந்தார்கள். பின்பு வேறு சிலர் வந்தார்கள். மலையிலிருந்து மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இறங்கி, என் பாயிலும் மேசைக்கடியிலும் படுத்தார்கள். மொட்டை மாடி முழுவதும் அவர்களுடைய துணிகள் தொங்கின. தண்ணீர்த் தொட்டி காலையிலேயே காலியானது. லட்டுப் பைகளை என் புத்தகங்களின்மேல் அடுக்கினார்கள். எறும்புகள் தாள்களுக்குள் குடியேறின. நான் தினந்தோறும் பெருமாளைச் சேவிப்பதாக எல்லோருமே நம்பினார்கள். உண்மையில், இங்கு வந்ததிலிருந்து நான் மலையேறியதே இல்லை. விருந்தினர் போனபின் அறையைக் கழுவி, எறும்பு தட்டி, நிறுத்திய வாக்கியத்தைத் தேடுவதற்குள் அடுத்த அழைப்பு வந்துவிடும்.

"இது வூடா, சத்திரமா?" என்று வீட்டுக்கார அம்மாள் முதலில் விளையாட்டாகத்தான் கேட்டார். அப்போது அவர் வந்தவர்களை இந்த நாட்டிலேயே இருக்கும் என் உறவினர் என்று எண்ணியிருந்தார். ஒரு காலையில், என்னைப் பற்றிய வழக்கமான விசாரணைக்கு ஒரு காவலர் வந்தார். மாடியில் காய்ந்த துணிகளைப் பார்த்து, "இக்கட எந்தமந்தி உன்னாரம்மா?" என்று, எத்தனை பேர் இருக்கிறார்கள் எனச் சாதாரணமாகக் கேட்டார். மாடியிலிருந்தவர்கள் உதவி செய்வதாக நினைத்துத் தங்கள் மலேசியக் கடவுச்சீட்டுகளை வரிசையாக எடுத்து நீட்டினார்கள். காவலர் கடுமையாக ஒன்றும் சொல்லவில்லை. வெளிநாட்டவர் யார் தங்கினாலும் தெரிவிக்க வேண்டும், இனி அப்படிச் செய்யுங்கள் என்று சொல்லிப் போனார்.

வீட்டுக்கார அம்மாளின் முகம் வெளுத்துவிட்டது. "இவங்க எல்லாம் ஃபாரின்காரங்கன்னு ஏன் சொல்லல?"

"நானும்தானே அக்கா..."

"நீ வேற. ஒன்னிய எழுதிக் குட்த்தாச்சி. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்திக்கினு இருக்க எம் புள்ள இன்னா லாட்ஜா நடத்துறான்? இன்னொருத்தர் வந்தா நீயும் கெளம்பணும். சொல்லிட்டேன்."

அம்மாவிடம் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நான் பலமுறை திருத்தி அமைத்தேன். இனி யாரையும் அனுப்பாதீர்கள். அனுப்பினால் நான் வீட்டை இழப்பேன். எழுவாயும் பயனிலையும் சரியாக இருந்தன. ஆனால் தொலைபேசியில் அம்மாவின் குரல் கேட்டதும், அதில் புதிதாகக் குடியேறியிருந்த நிமிர்வு கேட்டதும், "சரிம்மா" என்ற சொல் மட்டுமே வெளிவந்தது.

மழைக்காலத்தில் ஒரு பிற்பகல். விமானம் புறப்பட்டபின் அம்மா எனக்குச் செய்தி அனுப்பினார். அவரோடு பாத்திரம் கழுவும் பெண்மணி வருகிறார். கணவர் இறந்து சில வாரங்களே ஆகியிருந்தன. தனியாக வந்தார். சென்னையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கியவரை மறுநாள் மழையில் சந்தித்து, நேராகத் தங்கும் விடுதிகளுக்கு அழைத்துப் போனேன். முதல் விடுதியில் கடவுச்சீட்டைத் தொடாமலேயே, வெளிநாட்டவருக்கு அறை இல்லை என்றார்கள். அடுத்ததில், தனியாகத் தங்கும் பெண்களுக்குத் தருவதில்லை என்றார்கள். அதற்கடுத்ததில் இரண்டையும் சேர்த்துச் சொன்னார்கள்.

"ஒனக்குச் சிரமம் கொடுக்கிறேன்மா," என்றார் அவர். சேலை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. "ஒங்கம்மா சொன்னாங்க, மாடி வீடு பூராவும் ஒனக்குத்தான்னு. அதான் துணிஞ்சு வந்துட்டேன்."

வேறு வழி தெரியாமல் வீட்டுக்கு அழைத்துப் போனேன். வீட்டுக்கார அம்மாள் வாசலில் எங்களைப் பார்த்தார். உள்ளே போய்த் துண்டு எடுத்து வந்தார். சுடச்சுட ரசமும் சோறும் போட்டார். "எப்டிப் போனாரு வூட்டுக்காரரு?" என்று கேட்டார். தூக்கத்திலேயே என்றார் விருந்தாளி. இருவரும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நான் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். ஒருவேளை தப்பித்துவிட்டேனோ என்றுகூட நினைத்தேன்.

விருந்தாளி படுத்தபின் வீட்டுக்கார அம்மாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினார். "நான் ஒண்ணும் கல்லு மனசுக்காரி இல்லமா. எம் புள்ள கவர்மெண்டு வேலைக்குப் பரீச்சை எழுதிக்கினு கீறான். கேசு கீசுன்னு வந்தா அவன் கதி? காலைல இவங்களுக்கும் அவனை வுட்டு ஏத்தச் சொல்றேன். ஆனா மாசம் பொறந்தா நீ காலி பண்ணிடு."

அவர் சொன்னதில் தவறு எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அதுவே தாங்க முடியாததாக இருந்தது.

சித்தூரில் தமிழ் பேசுபவர்கள் அதிகம், அங்கே வீடு கிடைக்கலாம் என்று வகுப்புத் தோழி சொன்னாள். விடுமுறை நாட்களில் அங்கே போய்த் தேடுகிறேன். "வாம்மா வா, நம்ம பாஷைதானா?" என்று நாற்காலி போடுகிறார்கள். காப்பி தருகிறார்கள். எந்த ஊர் என்று கேட்கிறார்கள். நான் உண்மையைச் சொல்கிறேன். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, வீட்டில் கலந்து பேசிச் சொல்வதாகச் சொல்கிறார்கள்.

போன வாரம், அப்படியொரு வீட்டிலிருந்து வெளியேறி சித்தூர்ப் பேருந்து நிலையத்தில் நின்றபோது அம்மா அழைத்தார். பின்னணியில் தட்டுகள் மோதும் ஒலி கேட்டது.

"பசியாறிட்டியா? இங்க ஒரு டீச்சரம்மா, தைப்பூசம் முடிஞ்சதும் பிள்ளைங்களோட வராங்க. நான்தான்..."

"அம்மா, மாசம் பொறந்தா எனக்கு வீடு இல்ல."

எந்தத் திருத்தமும் இல்லாமல் அது வந்துவிட்டது. அறையைப் பற்றி, காவலரைப் பற்றி, மற்றதையும் சொன்னேன். தட்டுகளின் ஒலி தூரமாயிற்று. அம்மா எங்கோ தள்ளிப் போய் நிற்கிறார் என்று புரிந்தது.

"அப்ப அவங்ககிட்ட நான் என்னா சொல்றது?" என்று மெல்லக் கேட்டார்.

அந்தக் கேள்வியின்மேல் கோபம் கொள்ள முயன்றேன்; முடியவில்லை. தெரியவில்லை என்றேன். திருப்பதிப் பேருந்து வந்து, நிரம்பி, புறப்பட்டுப் போயிற்று. நாங்கள் இருவரும் தொலைபேசியை வைக்காமல் நின்றுகொண்டிருந்தோம்.